மருவா, ஆணியா, வேறு ஏதாவதா? தோல் மருக்களை அடையாளம் கண்டு நீக்கும் முறை

மருவுக்கு மாதக்கணக்கில் மருந்து போட்டும் போகவில்லை என்றால், பெரும்பாலும் குறை மருந்தில் இருக்காது. அது மருவாகவே இல்லாமல் இருக்கலாம், மருந்து போட்ட விதம் தவறாக இருக்கலாம், அல்லது பலன் தெரியும் முன்பே பாதியில் நிறுத்தியிருக்கலாம்.

மருவை உண்டாக்குவது எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸ். இதில் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கீறல், வெடிப்பு, நீரில் ஊறிப்போன தோல் ஆகியவற்றின் வழியாக மேல்தோலுக்குள் புகுந்து, அங்குள்ள செல்களைத் தாறுமாறாகப் பெருக வைக்கிறது. தொற்றியபின் மரு கண்ணுக்குத் தெரியச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகலாம். எனவே எங்கிருந்து ஒட்டியது என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. மருவுக்கு வேர் என்று ஒன்று கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது மேல்தோலுக்குள்ளேயே இருக்கிறது. வேரோடு பிடுங்குவதாக நினைத்துத் தோண்டினால் ரத்தமும் தழும்பும்தான் மிஞ்சும். அந்த ரத்தக் காயத்தின் வழியாகவே பக்கத்துத் தோலுக்கும் வைரஸ் பரவும்.

வகைகளும் அடையாளங்களும்

விரல்கள், புறங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் சொரசொரப்பாக, கெட்டியாக மேடிட்டு வருவது சாதாரண மரு. நகத்தைக் கடிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இது நகத்தைச் சுற்றி வளையம் கட்டும். நகத்துக்கு அடியில் புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. நகமே கோணலாக வளரலாம்.

உள்ளங்கால் மரு அதிகம் ஏமாற்றுவது. உடல் எடை அழுத்துவதால் வெளியே வளர முடியாமல் உள்நோக்கி அமுங்கி, தட்டையாக, காய்ப்பு மூடியபடி இருக்கும். இதைக் கால் ஆணி என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம். பிரித்தறிய மூன்று சோதனைகள் போதும். முதலாவது ரேகை: மரு உள்ள இடத்தில் பாதத்தின் தோல் ரேகைகள் அறுந்து, மருவைச் சுற்றி விலகிப் போகும், ஆணியிலும் காய்ப்பிலும் அவை ஊடே தொடரும். இரண்டாவது வலி: இரண்டு விரல்களால் பக்கவாட்டில் கிள்ளும்போது அதிகம் வலித்தால் மரு, நேராக அழுத்தும்போது அதிகம் வலித்தால் ஆணி. மூன்றாவது கரும்புள்ளிகள்: கடுகைவிடச் சிறிய புள்ளிகள் தெரிந்தால் மரு. அவை ரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள். அழுக்கோ முள்ளோ அல்ல, ஊசியால் நோண்டி எடுக்க முயல வேண்டாம். பல சிறு மருக்கள் நெருங்கிச் சேர்ந்து ஒரே பரப்பாகப் படர்வதும் உண்டு. சிகிச்சைக்கு மிகவும் அடம்பிடிப்பது அந்த வகைதான்.

தட்டை மரு 1 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும்; வழவழப்பாக, தோலின் நிறத்திலோ சற்றுப் பழுப்பாகவோ, முகம், புறங்கை, முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதிகளில் கூட்டமாக வரும். சவரம் செய்யும்போதும் சொறியும்போதும் பரவுவதால், பல நேரம் கோடு போட்டதுபோல் வரிசையாக நிற்கும். அந்த வரிசையே நல்ல அடையாளம். இழை மரு என்பது மெல்லிய விரல் போன்ற நீட்சிகளோடு இமை, உதடு, மூக்கு, கழுத்துப் பக்கம் வருவது.

பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் வரும் மருக்களுக்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. 6, 11 ஆகிய வகைகள். இவற்றுக்குச் சொந்த வைத்தியம் கூடவே கூடாது. கை கால் மருவுக்கான அமில மருந்து அங்குள்ள மென்மையான தோலைப் புண்ணாக்கிவிடும். மருத்துவரிடம் போவதோடு, துணைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மரு போலத் தோன்றும் மற்றவை

கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் காம்போடு தொங்கும் மெத்தென்ற சதை வைரஸால் வருவதில்லை, தொற்றுவதும் இல்லை. உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அமிலம் போட்டால் அது உதிராது, சுற்றியுள்ள தோல்தான் புண்ணாகும். நடுவில் தொப்புள்போல் குழிந்து முத்துப்போல் பளபளக்கும் சிறு கட்டிகள் குழந்தைகளுக்கு அதிகம் வரும் வேறொரு வைரஸ் தொற்று. நடுத்தர வயதுக்குமேல் முகத்திலும் முதுகிலும் மெழுகை ஒட்டி வைத்தாற்போல் வரும் பழுப்புத் திட்டுகளும் மருக்கள் அல்ல.

வீட்டில் செய்யக்கூடிய சிகிச்சை

எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு சிகிச்சைதான். குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஓராண்டிலும், மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டு ஆண்டுகளிலும் மரு தானாகவே மறைந்துவிடும். பெரியவர்களுக்கு இன்னும் தாமதமாகும். வலி, பரவல், கூச்சம் ஏதும் இல்லையென்றால் காத்திருக்கலாம்.

சிகிச்சை தேவை என்றால், கை கால் மருக்களுக்கு முதலில் பயன்படுத்த வேண்டியது சாலிசிலிக் அமிலம். கைக்கு ஏறத்தாழ 17 சதவீதத் திரவம். உள்ளங்காலின் தடித்த தோலுக்கு 40 சதவீதப் பிளாஸ்திரி. செய்ய வேண்டியது இது (திரவம் என்றால் தினமும் இரவில், பிளாஸ்திரி என்றால் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை):

1. மருவை 5 முதல் 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, ஈரம் போகத் துடைக்கவும்.
2. வெளுத்து ஊறிய மேல்பகுதியை நகம் தேய்க்கும் அட்டையால் மெல்லத் தேய்த்து எடுக்கவும். ரத்தம் வரும் அளவுக்குப் போகக் கூடாது. அந்த அட்டையை வேறு எதற்கும், வேறு யாருக்கும் பயன்படுத்தக் கூடாது.
3. மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவவும்.
4. மருவின்மேல் மட்டும் ஒரு துளி மருந்து வைத்து உலரவிடவும். பிளாஸ்திரி என்றால் மருவின் அளவுக்கே வெட்டி ஒட்டவும்.
5. உலர்ந்ததும் ஒட்டுத் துணியால் மூடவும். மூடினால் மருந்து ஆழமாக ஊறும்.

12 வாரம்வரை இதை விடாமல் செய்ய வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். இரண்டாம் வாரத்தில் தோல் வெள்ளையாக உரிவதைப் பார்த்து மரு போய்விட்டது என்று நிறுத்துவார்கள். அடியில் மிச்சமிருப்பது மறுபடி வளரும். அடுத்த தவறு, தேய்க்காமல் மருந்தின்மேல் மருந்து பூசுவது. செத்த தோல் மூடிபோல் நின்று மருந்தை உள்ளே விடாது. மறைந்துவிட்டதா என்று அறிய, கரும்புள்ளிகள் ஒன்றும் இல்லாமல், தோல் ரேகைகள் அந்த இடத்தின் ஊடே தொடர்ச்சியாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். அதுவரை நிறுத்த வேண்டாம்.

லேசான எரிச்சல் இயல்பு. தோல் சிவந்து வலித்தால் சில நாள் இடைவெளி விட்டுத் தொடரலாம். இந்தத் திரவங்கள் பல எளிதில் தீப்பற்றும், அடுப்பருகே போட வேண்டாம். முகம், பிறப்புறுப்பு, மச்சம், புண் ஆகியவற்றில் போடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளும் கால்களில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் இதைத் தாங்களாகத் தொடவே கூடாது. அவர்களுக்கு உணர்ச்சி மங்கியிருந்தால் தோல் வெந்துபோவதே தெரியாது, சின்னப் புண் பெரிய புண்ணாகிவிடும்.

பிளேடால் சீவுவது, நூலால் இறுக்கிக் கட்டுவது, கண்ட அமிலத்தைத் தொட்டு வைப்பது எல்லாம் வேண்டாத வேலை.

மருத்துவர் செய்வது

மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ நைட்ரஜனைச் சில விநாடிகள் தெளித்து மருவை உறையவைப்பது பரவலான முறை. பின்னர் கொப்புளம் வரும், சில நேரம் ரத்தம் கட்டியும் இருக்கும். அதை உடைக்காமல் விட வேண்டும். ஒரே தடவையில் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்: 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை செய்ய வேண்டிவரும். மாநிறத்தவர்க்கும் கருநிறத்தவர்க்கும் அந்த இடம் வெளுத்தோ கருத்தோ போகலாம். முகத்தில் செய்யும்முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் பயன்படுத்தும் உறைய வைக்கும் ஸ்பிரேக்கள் இவ்வளவு குளிரை எட்டுவதில்லை, பலனும் அதற்கேற்பவே.

மரத்துப்போக ஊசி போட்டு மின்சாரத்தால் சுட்டெடுப்பது இழை மருவுக்கு நன்றாகப் பொருந்தும். உள்ளங்காலில் தழும்பு விழுந்தால் நடக்கும்போதெல்லாம் வலிக்கும் என்பதால் அங்கே யோசித்தே செய்வார்கள். முகத்துத் தட்டை மருவுக்கு ட்ரெட்டினோயின் போன்ற களிம்புகள் உண்டு, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. எதற்கும் மசியாத மருக்களுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசிகளை மருவுக்குள்ளேயே செலுத்துவதுண்டு.

பரவாமல் தடுக்க

நீச்சல் குளம், பொதுக் குளியலறைகளில் செருப்பு அணியுங்கள். துண்டு, சவரக்கத்தி, காலுறை ஆகியவற்றைப் பகிர வேண்டாம். மருவுள்ள பகுதியில் சவரத்தைத் தள்ளிப்போடுங்கள். மருவைத் தொட்டபின் கை கழுவுங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது

தானாக ரத்தம் கசிவது, புண்ணாவது, சில வாரங்களில் வேகமாகப் பெரிதாவது, நிறம் மாறுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். வயதானவர்களுக்குப் புதிதாக வரும் தனி மரு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குத் திடீரெனப் பெருகும் மருக்கள், 12 வாரச் சிகிச்சைக்குப் பிறகும் அசையாதவை ஆகியவற்றையும் காட்டிவிட வேண்டும். உள்ளங்காலிலோ நகத்தின் அடியிலோ கருந்திட்டு விரிந்துகொண்டே போனால் அது தோல் புற்றாக இருக்கலாம். அதன்மேல் எந்த மருந்தையும் போட்டுப் பார்க்காமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.