விண்மீன் நோக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக விண்மீன் நோக்க வருபவர்களின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் என் பழைய நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. தேதி எழுத மறப்பது போன்றவற்றைத் தாமே திருத்திக்கொள்வார்கள். தவறு என்றே தெரியாமல் செய்பவைதான் என்னைப் பேச வைக்கின்றன.

சிவப்பு விண்மீனை உற்றுப் பார்ப்பது

சென்ற வாரம் ஒருவர் திருவாதிரையின் ஒளியைக் கணித்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் போல அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒப்பிடுவதற்காக ரோகிணியை ஒரு நொடி பார்த்துவிட்டு, திருவாதிரையின் பொலிவெண் (ஒளியின் அளவு; எண் கூடினால் ஒளி குறைவு) 0.3 என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. மறுபடி பார்க்கச் சொன்னேன், இம்முறை இரண்டையும் மாற்றி மாற்றி, நொடிப் பார்வையாக. 0.6 என்று திருத்தினார்.

செந்நிறப் புள்ளியை உற்று நோக்க நோக்க அது கண்ணுக்கு மேலும் மேலும் பிரகாசமாகத் தெரியும். இது எனக்குத் தெரியாமல் போனதால் ஒரு பருவமே வீணானது. 2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ 1.6 வரை இறங்கியது. பக்கத்திலுள்ள பெல்லாட்ரிக்ஸ் என்ற விண்மீன் அளவுக்கு வந்துவிட்டது. என் குறிப்புகளிலோ அது பாதிகூட மங்கவில்லை. அந்த இரவுகள் திரும்ப வரப்போவதில்லை. இன்றும் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் எரிச்சல்தான் வருகிறது.

ஒப்பிட எடுக்கும் விண்மீன்களில் ஒன்று கூடுதல் பிரகாசமாகவும் மற்றொன்று மங்கலாகவும் இருக்கட்டும். மூன்றும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருப்பதன் ஒளியைக் காற்று மண்டலம் விழுங்கிவிடும். முந்தைய கணிப்பைப் பார்க்காமல் எழுதுங்கள்.

மங்கினால் வெடிக்கப்போகிறது என்பது

அந்தப் பருவத்தில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். திருவாதிரை தானே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி, அதன் ஒளியை மறைத்திருந்தது. அது ஒருநாள் வெடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு இன்னும் பல்லாயிரம் ஆண்டுகள்கூட ஆகலாம்.

நிறை கூடினால் ஆயுளும் கூடும் என்பது

நேர் எதிர். சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். அதைப்போல் 10 மடங்கு நிறை கொண்ட விண்மீனுக்கு இரண்டு, மூன்று கோடி ஆண்டுகள்தான். எரிபொருள் 10 மடங்கு, செலவோ ஆயிரக்கணக்கான மடங்கு.

சிவப்பு என்றால் அதிக வெப்பம் என்பது

இல்லை, நீலம்தான்.

சூரியன் கருந்துளையாகும் என்பது

ஆகாது. நிறை போதாது.