வலை நிறையும் முன்பே சொல்லும் நன்றி: கடலோரக் குடும்பங்கள் தம் வீட்டில் இறைவனைக் கண்டுகொள்ள ஒரு வழிகாட்டி

ராமேசுவரம் தீவில் உள்ள பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கடலுக்குப் போனவர் கரை சேர்ந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, “பாடு எப்படி?” என்பதுதான். பாடு என்றால் அன்று வலையில் கிடைத்த மீன். பாடு நன்றாக இருந்தால் அன்று மாலை கோவிலில் அந்தோணியார் சுரூபத்துக்கு முன் மெழுகுவர்த்தி எரியும். டீசலுக்கும் ஐஸுக்கும் போட்ட காசுகூடத் திரும்பாத நாளில், வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுப் படுத்துவிடுவோம். நான் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிறந்தவள். பல ஆண்டுகளாகப் பங்குக் கோவிலில் மறைக்கல்வி கற்பிப்பவள். நம் குடும்பங்களில் பக்திக்குக் குறைவில்லை. ஆனால் நம் நன்றி இந்த மீன்பாட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அது வலையோடு ஏறி, வலையோடு இறங்குகிறது. அந்தக் கட்டை மெல்ல அவிழ்த்து, மீன் வந்த நாளிலும் வராத நாளிலும் இறைவன் நம் வீட்டில் இருக்கிறார் என்பதை உணரும் பழக்கத்தை எப்படி ஏற்படுத்திக்கொள்வது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

இதற்கு அடிப்படையாக நான் பிடித்துக்கொண்டிருப்பது யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரம். ஒரு சிறுவனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் இருந்தன. எதிரே ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்கள் அமர்ந்திருந்தனர். இயேசு அந்த ஐந்து அப்பங்களைக் கையில் எடுத்தபோதே நன்றி செலுத்தினார். எல்லோரும் வயிறார உண்டு, பன்னிரண்டு கூடைகள் மிஞ்சிய பிறகு அல்ல. கையில் இருந்தது எவ்வகையிலும் போதாது என்று சீடர்கள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே சொன்னார். நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். ஞாயிறு திருப்பலியில் “நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்” என்று குருவானவர் அழைக்க, “அது தகுதியும் நீதியுமானதே” என்று நாம் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறோம். அந்த வார்த்தையைக் கோவில் வாசலோடு விட்டுவிடாமல் வீட்டுப் பாய்வரை கொண்டுவருவதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை.

தொடங்கும்போது புதிதாக ஒரு நேரத்தை ஒதுக்காதீர்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து அரை மணி நேரம் செபிப்போம் என்று முடிவு செய்த குடும்பங்கள் பத்து நாளுக்குள் அதைக் கைவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுத்து, அதோடு ஒரு சிறிய செபத்தை இணையுங்கள். ராமேசுவரம் தீவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களே கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. ஆகவே எந்த வீட்டில் எந்த நாள் புறப்பாடு என்பது முன்கூட்டியே தெரியும். புறப்படும் நேரத்தில், தூக்குச்சட்டியை எடுத்துக் கொடுக்கும்போது, கடலுக்குப் போகிறவருடைய நெற்றியில் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிலுவை அடையாளம் இடட்டும். பெரியவர்கள்தான் பிள்ளைகளுக்கு ஆசி வழங்க வேண்டும் என்று நினைக்கத் தேவையில்லை. ஆறு வயதுப் பிள்ளை எக்கி நின்று தன் கட்டைவிரலால் தகப்பனுடைய நெற்றியைத் தொடுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த வாசற்படியில் இன்னொருவரும் நிற்கிறார் என்பதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் போகாத வீடுகளில் பள்ளிக்குப் புறப்படும் நேரம், கருவாடு காயவைக்கப் போகும் நேரம், மூவேளை செபத்துக்குக் கோவில் மணி அடிக்கும் நேரம் என ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்று போதும், அது வேரூன்றிய பிறகு அடுத்ததைப் பார்க்கலாம்.

அடுத்ததாக, நன்றியைப் பொதுவாகச் சொல்லாதீர்கள். “ஆண்டவரே, எல்லா நன்மைகளுக்காகவும் நன்றி” என்ற வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை; ஆனால் அதைச் சொல்லும்போது மனத்தில் எந்த உருவமும் எழுவதில்லை, அதனால் மனம் அசைவதுமில்லை. எங்கள் மறைக்கல்வி வகுப்பில் ஒரு நாள், நேற்று நடந்த ஒரு நல்லதைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டேன். பெரும்பாலோர் அப்பா, அம்மா, உணவு, உடை என்று பாடம்போல ஒப்பித்தார்கள். ஒரு சிறுமி மட்டும், “தள்ளுவண்டியில் நாலு குடம் தண்ணீர் கொண்டுவரும்போது மணலில் சக்கரம் புதைந்துவிட்டது, பக்கத்து வீட்டு அண்ணன் வந்து தள்ளிவிட்டார், ஒரு குடம்கூடச் சிந்தவில்லை” என்றாள். ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல தண்ணீருக்குக் குடங்களோடு அலைந்தவர்களுக்கு, அந்தச் சிந்தாத குடத்தின் மதிப்பு தெரியும். நன்றி என்றால் அப்படி இருக்க வேண்டும்: எந்த நாள், எந்த இடம், யார் கை என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அன்று தென்கடலாகிய மன்னார் வளைகுடா கொந்தளித்தபோது வடகடலாகிய பாக் நீரிணை குளம்போல் கிடந்ததற்காகவும், பாறையில் சிக்கிய வலை கிழியாமல் மீண்டதற்காகவும், காய்ச்சல் விட்ட பிள்ளை கஞ்சி கேட்டதற்காகவும் நன்றி சொல்லிப் பழகினால், இறைவன் எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாளும் ஒரு முகவரி கிடைக்கும்.

இதில் அடுக்களைக்குத் தனி இடம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த புனித அவிலா தெரசா, அடுக்களை வேலைக்கு அனுப்பப்பட்ட தம் சகோதரிகளிடம், பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று சொல்லி அவர்களைத் தேற்றினார். நம் பெண்களுக்கு அது ஆறுதல் மட்டும் அல்ல, நேரடியான வழிகாட்டலும்கூட. அரிவாள்மணைக்கு முன் அமர்ந்து, வழுக்கும் மீனைச் சாம்பல் தொட்டுப் பிடித்து, செதில் உரித்து, கல் உப்புப் போட்டு உரசிக் கழுவும் அந்த அரை மணி நேரத்தில் கைக்குத்தான் வேலை. மனம் எங்கெங்கோ போய், பெரும்பாலும் கடனிலும் கோபத்திலும் நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் ஒவ்வொரு மீனை எடுக்கும்போதும் வீட்டில் உள்ள ஒருவருடைய பெயரைச் சொல்லி இறைவனிடம் ஒப்படைக்கலாம். என் அம்மா அப்படித்தான் செய்தார். முழங்கைவரை செதில் ஒட்டியிருக்க, உதடு மட்டும் அசையும். யாருடைய பெயர் போய்க்கொண்டிருக்கிறது என்று நாங்கள் கேட்டால், “இப்போது உன் பெயர்தான், பேசாமல் இரு” என்பார். பெயர்கள் தீர்ந்து மீன் மிஞ்சினால் அது தெருக்கோடியில் தனியாக வாழ்ந்த விதவை அம்மாவுக்குரியது. அந்த மீனை என் அம்மா முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, “மிஞ்சியது” என்று எங்களிடம் சொன்னார் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இனி வருவதுதான். நம் வீடுகளில் கணவனும் மனைவியும், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் நன்றி என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்தச் சொல்லை வீட்டுக்குள் சொன்னால் அந்நியம்போல ஒலிக்கிறது. “என்ன, நமக்குள் எதற்கு இதெல்லாம்” என்று கேட்டுவிடுவார்கள். அதற்காக ஆங்கில வழக்கத்தைக் கடன் வாங்கி ஒவ்வொரு தம்ளர் தண்ணீருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நமக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. மாலைச் செபத்தில், வீட்டில் உள்ள ஒருவர் அன்று செய்ததை, அவர் காதில் விழும்படி இறைவனிடம் சொல்ல வேண்டும். “ஆண்டவரே, அம்மா காலையிலிருந்து கால்வலியோடு நின்றுதான் சமைத்தார்கள், அவர்களை எங்களுக்குத் தந்ததற்கு நன்றி.” “ஆண்டவரே, அப்பா பாடு இல்லாமல் வந்தும் எங்களைத் திட்டவில்லை, நன்றி.” முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படும் வார்த்தை, இறைவனை நோக்கிச் சொல்லும்போது எளிதாக வந்துவிடுகிறது, யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவரும் கூச்சமில்லாமல் அதைக் கேட்டுக்கொள்கிறார். என் தம்பிக்கும் அப்பாவுக்கும் பல மாதங்கள் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தது. ஒரு மாலை செபமாலை முடிந்ததும் அப்பா, “இன்று வலையை இழுக்கும்போது என் கை நழுவியது, அவன் பிடித்தான், ஆண்டவருக்கு நன்றி” என்று மட்டும் சொன்னார். தம்பி தலையைத் தூக்கவில்லை. ஆனால் அன்று இரவு அப்பாவுக்குத் தட்டு எடுத்து வைத்தவன் அவன்தான்.

படுக்கப் போகும்முன் பத்து நிமிடங்கள் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது நல்லது. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம ஆய்வில் முதல் படியே நன்றிதான். குற்றங்களைத் தேடுவது அதற்குப் பிறகுதான் வருகிறது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் மறைசாட்சியாக உயிர் நீத்த, ஜான் டி பிரிட்டோ எனப்படும் புனித அருளானந்தர் அந்தச் சபையைச் சேர்ந்தவர். நாம் ஓரியூர் செம்மண்ணை எடுத்து வந்து வீட்டில் வைத்திருப்பதோடு, அவர் நாள்தோறும் செய்த இந்தப் பயிற்சியையும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் போதும்: இன்று உனக்கு நல்லது செய்தவர் யார், நீ யாருக்கு நல்லது செய்தாய், யாரிடம் நாளை மன்னிப்புக் கேட்க வேண்டும்? பதிலைத் திருத்தாதீர்கள், அதை வைத்து அறிவுரையும் சொல்லாதீர்கள். அறிவுரை தொடங்கிய மறுநாளே பிள்ளைகள் தூங்குவதுபோல் நடிக்கத் தொடங்குவார்கள்.

இனி, நன்றி சொல்ல முடியாத நாட்களைப் பற்றி. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, காலையில் திரும்ப வேண்டிய அப்பாவின் படகு மறுநாள் விடியும்வரை வரவில்லை. அன்று கைப்பேசி இல்லை. 1964-இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. காற்று ஓலமிடும் இரவு எங்களுக்கு வெறும் இரவு அல்ல. அம்மா அன்று செபமாலையைக் கையில் எடுத்துவிட்டு ஒரு மணியைக்கூட நகர்த்தவில்லை. நிலைப்படியில் அமர்ந்து, “எங்கே இருக்கிறீர், எங்கே இருக்கிறீர்” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவைத்தான் தேடுகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் ஆண்டவரைத்தான் கேட்டார் என்பது பிறகு தெரிந்தது. இயந்திரம் நின்றுபோன படகை வேறொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. திருப்பாடல்கள் பலவற்றில் இத்தகைய கேள்விகள்தான் ஒலிக்கின்றன. கப்பலேறிக் கடலில் தொழில் செய்வோர் புயலில் தத்தளித்துக் கதறியதை 107-ஆம் திருப்பாடல் மறைக்காமல் சொல்கிறது. ஆகவே அப்படிப்பட்ட நாளில் நன்றியை வலிந்து வரவழைக்காதீர்கள். கேளுங்கள், அழுங்கள். எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்று பவுலடியார் எழுதினார். நேர்ந்த எல்லாத் துன்பத்துக்காகவும் நன்றி கூறுங்கள் என்று எழுதவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன் உள்ள வீட்டில், பொறுத்துக்கொண்டு நன்றி சொல் என்று அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லக் கூடாது. அங்கு இறைவனின் பிரசன்னம் என்பது, அவளையும் பிள்ளைகளையும் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்லும் பக்கத்து வீட்டாரின் துணிவுதான்.

நன்றி நம் மதத்தார் வட்டத்துக்குள் நின்றுவிடவும் கூடாது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி நம் வீட்டுக்கும் வருகிறது, நம் கிறிஸ்துமஸ் பலகாரம் அவர்கள் வீட்டுக்கும் போகிறது. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுப்பதில்லை என்ற நம் ஊர் வழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

இவற்றை எல்லாம் தொடங்குவதற்கு மிகவும் ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள், வலையைப் பிரித்துப் பொத்துகிறார்கள். கையில் காசு குறைந்து மனம் கசக்கும் காலமும் அதுதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் பல இரவுகளைக் கடலில் கழிக்கும் தகப்பன், தொடர்ந்து இரண்டு மாதங்கள் இரவு உணவுக்கு வீட்டில் இருப்பதும் அப்போதுதான். மாதாவுக்குரிய மே மாதம் முழுவதும் அதற்குள் அடங்குகிறது. அந்த மாதச் செபமாலையை வீட்டிலேயே சொல்லுங்கள். செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிகளையும் தொடங்கும் முன் ஒருவர் ஒரே ஒரு நன்றியைச் சொல்லட்டும், அதுவும் அன்றைக்குரியதாக இருக்கட்டும். முதல் வாரம் பிள்ளைகள் சிரிப்பார்கள், தகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு நிறுத்திவிடுவார். விட்டுவிடாமல் தொடருங்கள்.

பிறகு ஜூன் 14 வரும். படகில் டீசலும் ஐஸும் ஏறியிருக்கும், வலை காய்ந்து மடிந்து கிடக்கும், என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அன்று மாலை எல்லோரும் ஒரே பாயில் அமர்ந்து சாப்பிடுங்கள். சோற்றில் கை வைக்கும்முன் ஒவ்வொருவரும் தம் நன்றியைச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் சிறியவரிலிருந்து தொடங்குவோம். கடலுக்குப் போகிறவர் கடைசியில் சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்வரை தூக்குச்சட்டியை யாரும் மூடுவதில்லை.