பழைய சீலிங் ஃபேனக் கழட்டிப் புதுசு மாட்டுறது எப்படி?

கச்சான் காத்து தொடங்கினா மட்டக்களப்புல ஃபேன் இல்லாம ஒரு பகல் தள்ள ஏலாது, அந்த நேரம் பாத்துத்தான் வயரிங் செய்ற ஆக்களும் கைக்குக் கிடைக்கமாட்டாங்க. அதால இருந்த இடத்துலயே ஃபேன மாத்துறது எப்படி எண்டு மட்டும் சொல்றன். புதுசா வயர் இழுக்கிறது, போர்ட் வைக்கிறதெல்லாம் படிச்ச ஆளுட வேலை.

வயர் பொருத்துறது லேசு. கரண்ட நிப்பாட்டுறதுலதான் ஆக்கள் பிழை விடுறாங்க. ஃபேன் சுவிட்ச்ச மட்டும் ஓஃப் பண்ணிட்டு ஏறாதீங்க, சில வீட்டுல சுவிட்ச்ச லைவ்ல (கரண்ட் வாற வயர்) போடாம நியூட்ரல்ல (கரண்ட் திரும்பிப் போற வயர்) போட்டிருப்பாங்க, ஓஃப்ல இருந்தாலும் மேல 230 வோல்ட் அப்படியே நிக்கும். மெயின் சுவிட்ச்சயே இறக்குங்க, வீட்டு ஆக்களுக்குச் சொல்லிட்டுப் பெட்டில ஒரு பேப்பரும் ஒட்டுங்க. கரண்ட் கட்டான நேரம் செஞ்சா பயமில்ல எண்டு நினைக்கிறதும் பிழை, எப்ப வரும் எண்டு யாருக்குத் தெரியும்? 2022 கரண்ட் வெட்டோட இன்வெர்ட்டர் போட்ட வீடெண்டா இன்னும் கவனம், மெயின இறக்கினாலும் அது தன்ட பாட்டுக்கு லைனுக்குக் கரண்ட் குடுத்துக்கொண்டிருக்கும், அதையும் ஓஃப் பண்ணுங்க.

மெயின இறக்க முதலே டெஸ்டர ஒரு பிளக்ல குத்திப் பாருங்க, எரியுதா? அப்பதான் அத நம்பலாம். மறுகா இறக்கிட்டு மேல ஏறி ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால தொட்டுப் பாக்கணும், எரியக்கூடாது.

ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே எண்டு அசட்டையா இராதீங்க. கரண்ட் நிலத்துக்குக் கசிஞ்சாத்தான் அது விழும், வீட்டுல இருக்கிறது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழுறது. ஒரு கையில லைவும் மத்தக் கையில நியூட்ரலும் பட்டா, அதுக்கு நீங்களும் ஒரு பல்ப்தான், விழாது.

கழட்ட முதல் பழைய கனெக்ஷன ஃபோன்ல படம் எடுங்க. கழட்டினதும் ஹூக்கப் பாருங்க. கல்லடி, காத்தான்குடி மாதிரிக் கடக்கரைப் பக்கம் உப்புக் காத்து கம்பியத் திண்டுடும், ஸ்க்ரூட்ரைவரால சுரண்டக்குள்ள துரு தகடு தகடாக் கழண்டா அந்த ஹூக்குல ஃபேன் தூக்கவே கூடாது. ஓட்டு வீடெண்டா தீராந்தில செல் அரிச்சிருக்கா எண்டு தட்டிப் பாருங்க. செட்டை நிலத்துல இருந்து ஏழரை அடிக்குக் கீழ வரக்கூடாது.

ஏத்த முதல் மேல் கப்ப (ஹூக்க மூடுற கப்) ஃபேன் தொங்குற ரொட்டுல கோத்துக்கொள்ளுங்க, இத மறந்தா எல்லாம் முடிஞ்ச பிறகு திரும்பக் கழட்டணும். போல்ட்டுக்கு ஸ்பிளிட் பின் போட்டு ரெண்டு காலையும் விரிச்சு விடுங்க, அது இல்லாட்டி நட்டு ஆடி ஆடிக் கழண்டு வரும். ஃபேனத் தூக்கக்குள்ள கீழ ஒராள் கட்டாயம் வேணும்.

இனி வயர். பழைய வீட்டுல சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புது வயரிங்ல பிரவுண், நீலம், பச்சையும் மஞ்சளும். ஆனா இருந்த வயர வச்சு ஒப்பேத்தின வீடும் இருக்கு, கலர மட்டும் நம்பாம எடுத்த படத்தோட ஒத்துப் பாருங்க. ஃபேன் கனெக்டர்ல எல், என் எண்டு போட்டிருக்கும், லைவ் எல்லுக்கு, நியூட்ரல் என்னுக்கு. செம்பு வெளிய தெரியாமப் பூட்டி ஒருக்கா இழுத்துப் பாருங்க. பச்சை வயர மடிச்சு டேப் சுத்தி விடுற பழக்கம் நம்மட பக்கம் கூட, அப்படி விடாதீங்க, ஃபேன்ட பொடில, அதாவது வெளிக்கூட்டுல, கரண்ட் ஏறினா ட்ரிப்ப விழுத்துறது அந்த எர்த்துத்தான். சீலிங்ல எர்த் வயரே இல்லையா, வேலைய நிப்பாட்டிட்டு ஆளக் கூப்பிடுங்க. கெபாசிட்டர் வயருகள் கொம்பனில பூட்டி வாறது, அதுல கை வைக்கத் தேவையில்ல.

ரிமோட்டோட வாற பிஎல்டிசி (எலக்ட்ரோனிக் போர்ட்டால ஓடுற மோட்டர்) ஃபேனெண்டா சுவர்ல உள்ள பழைய ரெகுலேட்டர எடுத்துடணும், ரெண்டும் சேர்ந்து இருந்தா ஃபேனுக்குள்ள இருக்கிற அந்த போர்ட் பழுதாகும்.

மெயினப் போட்டுக் குறைஞ்ச ஸ்பீட்ல ஓட விடுங்க. ட்ரிப் விழுந்தா திரும்பத் திரும்பத் தூக்காதீங்க, எங்கயோ வயர் பொடில முட்டுது. ஆடினா செட்டை ஸ்க்ரூவ இறுக்குங்க, அப்பயும் ஆடினா ஒவ்வொரு செட்டை நுனிக்கும் சீலிங்குக்கும் இடையில அளந்து பாருங்க. ஒண்டு மட்டும் வித்தியாசமா நிண்டா அந்தச் செட்டைய மாத்தணும், கையால வளைச்சுச் சரிப்பண்ணப் போகாதீங்க.