வீட்டிலேயே கார் இன்ஜினைப் பழுது பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஜே.சி. ரோடு பெரிய வசதி. எந்த மாடலுக்கும் அங்கே உதிரிபாகம் கிடைக்கும். அல்சூர், மர்ஃபி டவுன் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தாமே வேலை பார்க்கும் நம்மவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, கோளாறு எது என்று தெரியும் முன்பே ஜே.சி. ரோட்டுக்குக் கிளம்பிவிடுவதுதான்.

எங்கள் குடியிருப்பில் மேல்வீட்டு அண்ணனின் பெட்ரோல் கார், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் உதறத் தொடங்கியது. செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. “நாலு பிளக், நாலு காயில், எல்லாத்தையும் மாத்திட்டா கவலை விட்டுது தம்பி” என்றார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். வந்த குறியீடு பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது). குறியீட்டைக் குறித்துக்கொண்டு அழித்துவிட்டு, ஆறிய இன்ஜினில் மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரிலும், அதிலிருந்ததை மூன்றாவதிலும் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். இம்முறை பி0301 வந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்தே இடம் மாறிவிட்டதால், கெட்டது அந்த ஒரு காயில்தான் என்பது உறுதியாயிற்று. அது மாறாமல் மூன்றிலேயே நின்றிருந்தால் அடுத்து பிளக்கை இப்படியே இடம் மாற்றியிருப்போம். அதற்கும் அசையாவிட்டால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையோ, சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவான கம்ப்ரெஷனையோ சோதிக்க வேண்டியிருக்கும்.

ஸ்கேனர் காட்டும் குறியீட்டை அப்படியே உதிரிபாகத்தின் பெயராக எடுத்துக்கொள்வது இதோடு சேர்ந்த தவறு. பி0171 என்று வந்தால், பெட்ரோலுக்கு ஏற்ற அளவைவிடக் காற்று அதிகமாக இருக்கிறது என்பது மட்டுமே பொருள். ஆனால் பலர் அதைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். வெடித்துப்போன ஒரு வேக்குவம் குழாயோ, அழுக்கேறிய காற்றளவு சென்சாரோ அதே குறியீட்டைக் கொண்டுவரும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் வீடு வரை மெதுவாக ஓட்டி வரலாம். ஆனால் விட்டுவிட்டுச் சிமிட்டினால் ஓட்டக் கூடாது. அப்போது எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்குகிறது. அதன் விலை ஒரு காயிலைப் போலப் பல மடங்கு.

இன்ஜின் சூடேறுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கையாலேயே ஒரு இன்ஜினைக் கெடுத்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது, பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. அரைமணி நேரம் காத்திருந்த நான், ரேடியேட்டர் காலியாக இருப்பதைக் கண்டதும் பதற்றத்தில் இரண்டு பாட்டில் குளிர்ந்த தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினேன். உள்ளே இன்னும் சூடாக இருந்த, சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினிய ஹெட், திடீரெனக் குளிர்ந்ததில் வளைந்துவிட்டது. மறுநாள் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் ஆயிலில் இறங்கிவிட்டதற்கு அதுதான் அடையாளம். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்துத் தளம் சீவி, புது கேஸ்கெட் போட வேண்டியதாயிற்று.

ஆகவே முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் திறந்துவிட்டு, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் அளவு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அந்த மூடி உள்ளே சுமார் 1 பார் (ஏறத்தாழ வெளிக்காற்றழுத்தத்தின் அளவு) கூடுதல் அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால்தான் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டிய சூட்டிலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் திறந்த பாத்திரத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், ரப்பர் தேய்ந்த மூடியை வைத்துக்கொண்டு ஓட்டுவதும் ஆபத்தே. நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறினால் கூலன்ட் குறைவு, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். இங்கே பல வீடுகளில் வருவது போர்வெல் தண்ணீர். அதை நிரப்பினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்துவிடும். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் சரிபாதியாகக் கலப்பதே பொதுவான முறை. கீழே சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்; கூலன்ட்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் என்பதால் தெருநாயும் பூனையும் நக்கிவிடும், சிறிதளவே அவற்றைக் கொன்றுவிடும்.

வண்டி ஸ்டார்ட் ஆகாமல் ‘டக் டக்’ என்ற ஒலி மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்து, மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். இரவு முழுவதும் நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது அம்பாசடர் காலத்துப் பழக்கம். இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி கம்ப்யூட்டரைக் கருக்கிவிடக்கூடும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது அது கடைசி.

ஆயில் மாற்றுபவர்கள் அடியிலுள்ள டிரெயின் பிளக்கை மொத்த பலத்தையும் போட்டு இறுக்கி, ஆயில் தேங்கும் அலுமினியத் தட்டான சம்ப்பின் மரையைத் தேய்த்துவிடுகிறார்கள். புது வாஷர் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கே இறுக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கையும் முதலில் விரலாலேயே திருகி, மரை சரியாகப் பிடித்த பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும்.

2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பகுதிகளில் கார்கள் நீரில் நின்றதை நாம் பார்த்தோம். நீருக்குள் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். ஏர் ஃபில்டரைத் திறந்து, நனைந்திருந்தால் இழுவை வண்டியை அழையுங்கள்.

டீசலை மிக அதிக அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் வண்டியின் எரிபொருள் குழாய்களை வீட்டில் தளர்த்த வேண்டாம். 1,600 பாருக்கு மேல் போகும் அந்த அழுத்தத்தில் நூலிழை அளவு கசிவும் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். கெட்டியான தரையில் ஸ்டாண்டு வைத்த பிறகே படுங்கள். அடித்தளப் பார்க்கிங்கில் கதவை அடைத்துக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, மூச்சு தடுமாறும் நேரத்தில் எழுந்து நடக்க உடம்பில் வலுவும் இருக்காது. வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து திறந்த வெளியில் நிறுத்தி ஓட்டிப் பாருங்கள்.