கை எம்பிராய்டரி: ஊசி கோர்ப்பதற்கு முன்பே தொடங்கும் தவறுகள்

புதிதாகப் பழகுகிறவர்களின் வேலையைப் பார்த்தால், தையல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். செயின் ஸ்டிட்ச் சீராக விழுந்திருக்கும், காம்பு வளைவும் சரியாக வந்திருக்கும். ஆனால் பூவைச் சுற்றித் துணி சுருங்கியிருக்கும், நூல் பிசிறடித்திருக்கும், வரைந்த கோடு எட்டிப் பார்க்கும். 'எனக்குக் கைவரவில்லை' என்று அங்கேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம், ஏனென்றால் இவற்றில் பல ஊசியைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிட்ட தவறுகள்.

முதலில் துணி. பாப்ளின், கேஸ்மென்ட், ரவிக்கைக்கு எடுக்கும் டூ பை டூ என்று எந்தக் காட்டன் துணியானாலும் முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும். மேலே போட்ட நூல் அதே அளவு சுருங்காது, அதனால் டிசைன் உப்பிக்கொண்டு நிற்கும். அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு வரையுங்கள். ரவிக்கைக் கைக்குப் போடுவதாக இருந்தால் துணியை வெட்டிவிட்டுப் போடாதீர்கள். வெட்டிய துண்டில் ரிங் (துணியை விறைப்பாகப் பிடிக்கும் வட்டச் சட்டம்) மாட்ட இடம் இருக்காது, ஓரமும் பிரியும். டெய்லரிடம் அளவை வரைந்து வாங்கி, தையலுக்குப் பிடிக்கிற இடத்தைத் தள்ளி டிசைன் போடுங்கள்.

வரைவதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். லக்னோவின் சிக்கன் (சிக்கன்காரி) எம்பிராய்டரி வேலையில் மர அச்சை நீலச் சாயத்தில் தோய்த்து டிசைனைப் பதிப்பார்கள். தையல் முடிந்ததும் துவைத்து அதைப் போக்கிவிடுவார்கள். துவைத்தால் போகிற மை என்பதே அங்கே அடிப்படை. நம் வீடுகளிலோ கைக்குக் கிடைத்த பால்பாயின்ட் பேனாவால் வரைந்துவிடுகிறோம். தண்ணீரில் கரையும் நீலப் பேனாவும் நல்லதுதான், ஆனால் கோட்டைக் கழுவாமல் இஸ்திரி போட்டால் கறை தங்கிவிடும். சூடு பட்டால் மறையும் பேனா இதற்கு நேர் எதிர். சுமார் 60 டிகிரி செல்சியஸில் கோடு மறைந்துவிடும், கடுங்குளிரில் திரும்பி வரும். டொராண்டோவில் இருக்கும் பேத்திக்கு அனுப்பும் கவுனில் அதைப் பயன்படுத்த வேண்டாம். எந்தப் பேனாவானாலும் ஓரத்தில் வெட்டிய துண்டில் சோதித்துப் பாருங்கள்.

ரிங்கில் துணி தளர்வாக இருந்தால் ஒவ்வொரு தையலும் துணியைக் கூட்டி இழுக்கும். இறுக்கும்போது குறுக்காக, மூலைவாட்டில் இழுக்காதீர்கள்; பூ கோணிப்போகும். துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலும் அகலவாட்டில் ஓடும் ஊடை நூலும் போகிற திசையிலேயே இழுங்கள். அன்றைய வேலை முடிந்ததும் ரிங்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் வட்டமாக அழுக்கும் மடிப்பும் பதியும்.

அப்புறம் நூல். எம்பிராய்டரி நூலில் ஆறு இழைகள் இருக்கும். ஆறையும் அப்படியே கோர்த்துத் தைப்பதால்தான் பல பூக்கள் மொத்தையாகத் தெரிகின்றன. சின்ன இலைக்கு இரண்டு இழை போதும், மெல்லிய காம்புக்கு ஒன்றே போதும். இழைகளை ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்த்துக் கோர்த்தால் முறுக்கு விட்டு, பட்டுப்போல் படுக்கும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் பலன் அவ்வளவு இருக்கிறது. அடிக்கடி ஊசி கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக நூல் எடுப்பதும் தவறு. துணிக்குள் போய் வரப் போய் வர நூல் தேயும், பளபளப்பு போகும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, சுமார் 45 செ.மீ. போதும். தைக்கும்போது முறுக்கேறினால் ஊசியைத் தொங்கவிடுங்கள், தானாகச் சுழன்று சரியாகும்.

நூலைப் பக்கம் பக்கமாக நெருக்கிப் போட்டு இதழை நிரப்பும் சாட்டின் ஸ்டிட்ச் ஓரம் பல்லுப்பல்லாக வருகிறதா? கோட்டின் மேல் முதலில் பேக் ஸ்டிட்ச் (ஒவ்வொரு தையலுக்கும் பின்னால் திரும்பிக் குத்தும் இடைவெளியில்லாத தையல்) போட்டு, அதை மூடித் தையுங்கள். உடுத்தும் துணியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான சாட்டின் வேண்டாம்; வளையலிலும் நகத்திலும் மாட்டும். அகலமான இதழுக்கு நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றிப் போடும் லாங் அண்ட் ஷார்ட் தையல்தான் சரி. ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் பிரெஞ்ச் நாட் (French knot) முடிச்சில் ஊசி மேலே வந்த துளைக்குள்ளேயே திரும்ப இறங்கினால் முடிச்சு பின்னால் போய்விடும். துணியின் ஓர் இழை தள்ளிக் குத்துங்கள். முடிச்சு பெரிதாக வேண்டுமானால் சுற்றைக் கூட்டாமல் கோர்க்கும் நூலின் இழையைக் கூட்டுங்கள்.

பின்புறம் யாருக்குத் தெரியும் என்று விடாதீர்கள். மெல்லிய வெள்ளை மல் துணியில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குச் சிவப்பு நூலை அப்படியே இழுத்துச் சென்றால் முன்னால் நிழலாக விழும். சிக்கன் வேலையில் 'பக்கியா' தையல் வேண்டுமென்றே அந்த நிழலை அழகாக்குகிறது, ஆனால் அது கணக்குப் பார்த்துப் போடுவது. நாம் நூலை வெட்டி, அடுத்த பூவுக்குப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. கர்நாடகத்தின் கசூத்தி எம்பிராய்டரியில் முடிச்சே போடமாட்டார்கள். நாமும் நூல் முனையை ஏற்கெனவே போட்ட தையல்களுக்கு அடியில் நான்கைந்து முறை கோர்த்து முடிக்கலாம். குழந்தை உடுப்பில் இது கட்டாயம், முடிச்சு உடம்பில் உறுத்தும்.

சிவப்பு, கருநீலம், மெரூன் நூல்களைத் தைப்பதற்கு முன்பே நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெள்ளைத் துணிக்கு அந்த நூல் வேண்டாம். துவைக்கும்போது முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள். இஸ்திரிக்குத் தடித்த டவல் விரித்து, எம்பிராய்டரியைக் குப்புறப் போட்டுப் பின்புறமாகத் தேயுங்கள். தையல் அமுங்காமல் எடுப்பாக நிற்கும். இடையில் சம்கி வைத்திருந்தால் அந்த இடத்தைச் சுற்றி மட்டும் தேயுங்கள். பிளாஸ்டிக் சம்கி சூட்டில் சுருண்டுவிடும்.