விதை குறைந்த நாரத்தையும் எலுமிச்சையும்: காமா கதிரால் புது ரகம் காணும் முறை

உப்பு நாரத்தங்காய் போடுபவர்களுக்கு விதையின் தொல்லை தெரியும். காயைச் சுருளாக அரிந்து உப்பை அடைக்குமுன் விதைகளை ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்தாக வேண்டும். ஒன்றிரண்டு தங்கிவிட்டாலும் கசப்பு ஏறும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் செம்மண்ணையும் வறட்சியையும் தாங்கிக் காய்க்கும் நல்ல மரங்கள் இருக்கின்றன. அவற்றின் பிற குணங்களைக் கெடுக்காமல் விதையை மட்டும் குறைக்க, குச்சியின் மொட்டுகளில் மரபு மாற்றத்தைத் தூண்டும் காமா கதிர் உதவும். எலுமிச்சை விதைக்குள் பல கருக்கள் இருப்பதாலும், அவற்றில் பெரும்பாலானவை தாயின் நகல்களாகவே முளைப்பதாலும், கலப்பினம் செய்து இதை அடைவது கடினம்.

முதலில் தாய்மரம். சொறி நோய் இல்லாத, பல ஆண்டுகள் ஒழுங்காகக் காய்த்த மரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். பென்சில் பருமனுள்ள, திரண்ட மொட்டுகள் கொண்ட குச்சிகளை வெட்டி, இலைக்காம்பை மட்டும் விட்டு இலைகளை நறுக்கி, ஈரத்துணியில் சுற்றிப் பாலித்தீன் பையில் வைக்க வேண்டும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் காமா கதிர் அறைகள் உள்ளன. தனி விவசாயி நேரே போய் நிற்பதைவிட, குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடத்தின் வழியாக அணுகுவது நல்லது.

இவ்வினக் குச்சிகளுக்குப் பொதுவாக 30 முதல் 60 கிரே (உட்கொள்ளும் கதிரின் அலகு) வரை பயன்படுகிறது. ஆனால் ரகத்துக்கு ரகம் தாங்கும் அளவு மாறும். ஆகவே 20 முதல் 80 கிரே வரை பத்துப் பத்தாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் இருபது முப்பது மொட்டுகளைச் சோதித்து, பாதி மொட்டுகள் பிழைக்கும் அளவையோ அதற்குச் சற்றுக் குறைவானதையோ கொள்ள வேண்டும். கதிர் படாத குச்சிகளின் மொட்டுகளையும் ஒப்பிடுவதற்காக ஒட்டுக் கட்ட வேண்டும். காமா கதிர் பட்ட குச்சியில் கதிரியக்கம் தங்குவதில்லை. கையால் தொட அஞ்ச வேண்டியதில்லை.

குச்சிகள் திரும்பியதும், ஓரிரு நாளுக்குள் ஜம்பேரி அல்லது ரங்பூர் எலுமிச்சை வேர்ச்செடியில் (வேருக்காக வளர்க்கும் செடி) மொட்டுக் கட்ட வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின் பட்டை எளிதில் உரிவதால் நம் பகுதிக்கு அதுவே ஏற்ற காலம்.

இனி வருவதே முக்கியமான கட்டம். பலர் தவறுவதும் இங்கேதான். ஒரு மொட்டில் பல உயிரணுக்கள் இருப்பதால், கதிர் ஒன்றை மாற்றும், பக்கத்தில் இருப்பதை விட்டுவிடும். அதனால் முதல் தளிர் பழையதும் புதியதும் ஒட்டுப்போட்ட துணிபோலக் கலந்தே வளரும். அதில் காய்த்த பழத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அடியிலுள்ள நாலைந்து கணுக்களை விட்டு, நடுக்கணுக்களின் மொட்டுகளை எடுத்துத் தனித்தனி வேர்ச்செடிகளில் கட்டி, அவற்றிலிருந்து மறுபடியும் எடுத்துக் கட்டி, மூன்றாம் தலைமுறைக்குப் பிறகே தேர்வைத் தொடங்க வேண்டும். எந்தச் செடி எதன் வழி வந்தது என்பதை அலுமினியத் தகட்டில் எண் குத்திக் கட்டுங்கள். மை வெயிலில் வெளுத்துவிடும்.

கதிரால் முறிந்த குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும்போது, மகரந்தமும் சூலும் சரியாக உருவாவதில்லை. விதை குறைவதற்குக் காரணம் இதுவே. கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் உருவான டேங்கோ என்ற மாண்டரின் (கமலா வகை ஆரஞ்சு) இப்படி வந்தது. அதன் தாயான டபிள்யூ மர்காட், பிற மரங்களின் மகரந்தம் பட்டால் விதை நிறைந்துவிடும். டேங்கோ அப்படியும் விதை குறைவாகவே காய்க்கிறது. ஆகவே நம் செடிகளையும் தனியே வைத்துச் சோதிக்காமல், எலுமிச்சை, கொழுமிச்சை, சாத்துக்குடி மரங்களுக்கு நடுவே நட்டு, தேனீக்கள் வரும் நிலையில், ஒவ்வொரு மரத்திலும் ஐம்பது பழங்களையாவது அறுத்து விதைகளை எண்ண வேண்டும். இதைக் குறைந்தது மூன்று பருவங்கள் செய்ய வேண்டும்; மகசூல், சாறு, தோலின் தடிப்பு ஆகியவற்றையும் தாய்மரத்தோடு ஒப்பிட வேண்டும்.

தேர்ந்த மரத்தையும் கிளை கிளையாகக் கவனித்து வரவேண்டும். டெக்சாஸில் 1963இல் கதிர் பட்ட குச்சியிலிருந்து வளர்ந்த ஒரு கிரேப் ஃப்ரூட் மரத்தில், 1976இல் ஒரு கிளை மட்டும் வேறுபட்டுத் தெரிந்தது. 1984இல் வெளியான ரியோ ரெட் ரகம் அந்தக் கிளையிலிருந்து வந்தது.