டிரெய்லர் இழுக்கும்போது எரிபொருளை மிச்சம் பிடிக்க

பிக்கப்பின் பின்னால் டிராவல் டிரெய்லரை, அதாவது இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டை, மாட்டிய முதல் பயணத்திலேயே மைலேஜ் ஏறக்குறைய பாதியானது. வண்டியில்தான் கோளாறு என்று நினைத்தேன். கோளாறு என் வலது காலில் இருந்தது.

சமதரையில் எண்ணெயைக் குடிப்பது டிரெய்லரின் எடையைவிட அதன் அகன்ற முகப்புதான். ஒரு சுவரை இழுத்துக்கொண்டு போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 105 கிலோமீட்டரிலிருந்து 90-க்கு இறங்கினாலே அது கால் பங்குக்கு மேல் குறையும். இப்போது நான் 90-ஐத் தாண்டுவதில்லை. பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், வலது ஓரமோ இடது ஓரமோ, மெதுவாகப் போகும் தடத்தில்தானே இருக்கிறேன். பலத்த எதிர்காற்று என்றால் கிளம்புவதையே தள்ளிப்போடுவேன்.

அப்புறம் தண்ணீர். டிரெய்லரில் உள்ள 150 லிட்டர் தொட்டி நிரம்பினால் 150 கிலோ. போய்ச் சேரும் இடத்தில் குழாய் இருந்தால் எதற்குச் சுமப்பது? ஏற்றத்தில் அந்த எடை நன்றாகவே தெரியும். ஆனால் முன்பக்கச் சாமானை மட்டும் இறக்கிவிடாதீர்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் விழ வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும்.

டயர் காற்றைக் கிளம்புமுன், டயர் சூடேறாதபோதே பாருங்கள். மலைப்பாதையில் குரூஸ் கண்ட்ரோலை (வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். வேகம் கொஞ்சம் விழுந்தால் விழட்டும்.